இன்டர்ன்ஷிப் போகாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிக்கலாமா? நெல்லைப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பிறந்து, இங்கேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் நான். 12 வருஷமாக மென்பொருள் வேலை; அதில் ஏழு வருஷம் சென்னை, இப்போது வீட்டிலிருந்தே. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெரிந்த பிள்ளைகள், அவர்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் என்று நாலைந்து பேராவது வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சிலரோடு அம்மாவோ அப்பாவோ வருவதும் உண்டு. பி.இ., பி.எஸ்சி., பி.சி.ஏ. என்று படிப்பு வேறாக இருந்தாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: இன்டர்ன்ஷிப், அதாவது படிக்கும்போதே ஒரு கம்பெனியில் போய் வேலை பழகுவது, வேண்டுமா வேண்டாமா? திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிகிரி வாங்க இன்டர்ன்ஷிப் கட்டாயமா?

உங்கள் சிலபஸைப் பொறுத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிமுறையில்) படிக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு 8ஆவது செமஸ்டரில் "ப்ராஜெக்ட் ஒர்க் அல்லது இன்டர்ன்ஷிப்" என்று ஒரே பாடமாக இருக்கிறது, 10 கிரெடிட். கல்லூரியிலேயே ப்ராஜெக்ட் செய்தாலும் அந்தப் 10 கிரெடிட் வந்துவிடும். ஆறாவது செமஸ்டர் முடிந்த கோடை விடுமுறையில் செய்யும் இன்டர்ன்ஷிப் அதற்கு அடுத்த செமஸ்டரில் தனியாக மதிப்பிடப்படும். தன்னாட்சிக் கல்லூரிகளில் கணக்கு வேறு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலை அறிவியல் கல்லூரிகளில் இன்னும் வேறு. சீனியர் சொன்னார், பக்கத்து கிளாஸில் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளாமல், நீங்கள் சேர்ந்த வருஷத்து ரெகுலேஷன் பிடிஎஃப்பைத் திறந்து ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

சரி, வேலை கிடைக்க இன்டர்ன்ஷிப் வேண்டுமா?

எந்த மாதிரி வேலை என்பதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

மற்ற கம்பெனிகளுக்கு மென்பொருள் வேலை செய்துகொடுக்க ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய சர்வீஸ் கம்பெனிகளுக்கு இன்டர்ன்ஷிப் பெரிய விஷயமே இல்லை. டிசிஎஸ் தன் என்கியூடி தேர்வை வைத்து ஆள் எடுக்கிறது. இன்ஃபோசிஸ் எடுத்த பிள்ளைகளை மைசூருவில் உட்கார வைத்துத் தானே சொல்லிக்கொடுக்கிறது. அவர்கள் பார்ப்பது மதிப்பெண் வரம்பு, ஆப்டிட்யூட், அடிப்படை ப்ரோகிராமிங், பேசத் தெரிகிறதா என்பவைதான்.

சொந்தமாக மென்பொருள் செய்து விற்கும் கம்பெனிகள் வேறு மாதிரி. நம் பக்கத்திலேயே, தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ இருக்கிறது. அவர்கள் இன்டர்வியூவில் சுற்றுச் சுற்றாக ப்ரோகிராம் எழுதச் சொல்வார்கள் என்பது நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அங்கே சான்றிதழ் கை கொடுக்காது, நிறைய எழுதிப் பழகிய கைதான் கை கொடுக்கும். அதே ஜோஹோ 2005 முதல், பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை டிகிரியே இல்லாமல் எடுத்து, உதவித்தொகை கொடுத்துச் சொல்லித்தந்து, வேலையிலும் வைத்துக்கொள்கிறது. வேலைக்குள் வைத்துக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை தேறிவிடும் என்ற நம்பிக்கைதான் அதற்குப் பின்னால் இருப்பது. இன்டர்ன்ஷிப்பும் அதே நம்பிக்கையில் பிறந்ததுதான்.

மூன்றாவது வகை, பத்துப் பேர், முப்பது பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனிகள். இங்கே இன்டர்ன்ஷிப்தான் இன்டர்வியூ. மூன்று மாதம் கூடவே வைத்துப் பார்ப்பார்கள். பிடித்துப்போனால் ஆஃபர் லெட்டர்.

ஆக, இன்டர்ன்ஷிப் இல்லாவிட்டால் வேலையே கிடைக்காது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆனால் அடுத்தவர் எழுதிய ப்ரோகிராமுக்குள் ஒருமுறைகூட வேலை செய்யாமல் கல்லூரியை விட்டு வெளியே வராதீர்கள் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். அதற்கு நேர்வழி இன்டர்ன்ஷிப். வேறு வழிகளும் இருக்கின்றன, கீழே சொல்கிறேன்.

அங்கே போய் அப்படி என்ன கற்றுக்கொள்ளப்போகிறோம்? எல்லாம் யூடியூபிலேயே இருக்கிறதே?

கல்லூரியில் நாம் எழுதும் ப்ரோகிராம் எல்லாம் வெற்றுத் தாளில் தொடங்கும். லேப் ரெக்கார்டில் 12 எக்ஸர்சைஸ், ஒவ்வொன்றும் 50 வரி. ஓடினால் சைன் வாங்கிவிட்டு மறந்துவிடலாம். நாளைக்கு அது யாருக்கும் தேவைப்படாது.

வேலையில் வெற்றுத் தாளே கிடையாது. என் முதல் வாரம் இன்னும் நினைவிருக்கிறது. பல்லாயிரம் வரி உள்ள ஒரு பில்லிங் மென்பொருளைக் காட்டி, "ரிப்போர்ட்டில் டெலிவரி தேதிக்கு ஒரு நெடுவரிசை சேர்த்துவிடு" என்றார்கள். இவ்வளவுதானா என்று ஒரே நாளில் செய்து கொடுத்தேன். அது மாதத்தின் 2ஆம் தேதி. பத்து நாள் ஒரு புகாரும் வரவில்லை. 13ஆம் தேதி காலையில் ரிப்போர்ட் திறக்கவே இல்லை. காரணம் சின்னது. நான் தேதியை நாள், மாதம், வருஷம் என்ற வரிசையில் அனுப்பியிருந்தேன். வாங்குகிற பக்கம் மாதம், நாள், வருஷம் என்று படித்துக்கொண்டிருந்தது. 12ஆம் தேதி வரை இரண்டு எண்ணுமே மாதமாகப் பொருந்திப்போகும். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அன்றைக்குத்தான் அது உடைந்தது. அதைவிடப் பெரிய வேலை, முந்தின 10 நாளில் சத்தமில்லாமல் தப்பாகப் பதிவான தேதிகளைத் தேடித் திருத்துவது. இரண்டு நாள் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனியர் அக்கா திட்டவே இல்லை. "டெஸ்ட் பண்ணும்போது எப்பவும் 25ஆம் தேதி மாதிரி ஒன்றைப் போட்டுப் பாரு தம்பி" என்றார். இன்றைக்கும் எந்தத் தேதி ஃபீல்டைக் கண்டாலும் என் கை தானாக 25 போடும்.

இதை எந்த வீடியோவிலும் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் மனதில் நின்றிருக்காது. நம் தப்பினால் எங்கோ ஒரு கடைக்காரர் வாடிக்கையாளர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார் என்று தெரியும்போதுதான் நிற்கும்.

அப்புறம் கிட். எழுதும் ப்ரோகிராமின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி அது. கல்லூரியில் பென்டிரைவில் தூக்கிக்கொண்டு அலைகிறோம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் சிந்துபூந்துறைப் பக்கம் ஒரு பையனுக்கு லேப்டாப்போடு சேர்த்து நாலு மாத ப்ராஜெக்ட்டும் தண்ணீரில் போனது. கிட்டில் தினமும் ஏற்றி வைக்கும் பழக்கம் இருந்திருந்தால் லேப்டாப் மட்டும்தான் போயிருக்கும். வேலை நடக்கும் இடத்தில் இந்தப் பழக்கம் முதல் நாளே தொற்றிக்கொள்ளும். நீங்கள் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்கும் பழக்கமும் கூடவே வரும்.

1,500 ரூபாய் கட்டினால் ஐந்து நாள் இன்பிளான்ட் ட்ரெயினிங், சான்றிதழோடு தருகிறார்கள். போகலாமா?

போக வேண்டாம். நானே போய் ஏமாந்தவன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். மூன்றாம் வருஷத்தில் எங்கள் கிளாஸில் 14 பேர் பணம் கட்டி, நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனோம். ஒரு மாடி அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, முதல் நாள் ஒருவர் ஸ்லைடு காட்டினார். இரண்டாம் நாள் அதே ஸ்லைடை இன்னொருவர் காட்டினார். மூன்றாம் நாளே சான்றிதழைக் கையில் கொடுத்து, "மெரினா பார்த்துட்டு ஊருக்குக் கிளம்புங்க" என்றார்கள். என் அப்பா அந்தப் பணத்தைக் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்துத் தந்திருந்தார். வீட்டுக்கு வந்து அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷம் ஒரு இன்டர்வியூவில் அந்தச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இங்கே என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது இதே வியாபாரம் ஆன்லைனில் நடக்கிறது. இன்டர்வியூ எதுவும் இல்லாமல் ஆஃபர் லெட்டர் வரும். ஒரு மாதத்தில் கால்குலேட்டர், டு-டூ லிஸ்ட் என்று மூன்று டாஸ்க். கடைசியில் சான்றிதழுக்கு மட்டும் கட்டணம். இதை லிங்க்ட்இன்னில் போட்டால் நூறு லைக் விழும். ஆனால் நீங்கள் எழுதிய ப்ரோகிராமை ஒரு மனிதர்கூடப் படித்திருக்க மாட்டார்.

யாரிடம் சேர்வதற்கு முன்பும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "நான் எழுதுவதை யார் பார்த்துத் திருத்துவார்கள்?" பெயர் சொல்லி ஒருவரைக் காட்டினால் யோசிக்கலாம். மழுப்பினால் வந்துவிடுங்கள். வேலை கற்றுக்கொள்ள நீங்கள் காசு கட்ட வேண்டியதில்லை. பயிற்சி நிலையத்துக்குக் கோர்ஸ் ஃபீஸ் கட்டுவது தனி. அதை இன்டர்ன்ஷிப் என்று சொல்லி விற்கக் கூடாது.

சம்பளம் தருவார்களா?

தருகிற இடமும் உண்டு, தராத இடமும் உண்டு. ஒரு மாதம், ஒன்றரை மாதம் சம்பளமில்லாமல் கற்றுக்கொள்வதில் தப்பில்லை. ஆறு மாதம் முழு நேரம் வேலை வாங்கிக்கொண்டு, நீங்கள் எழுதியதை வாடிக்கையாளருக்கும் விற்றுவிட்டு, பஸ் காசுகூடத் தராத இடத்தில் இருக்காதீர்கள்.

அரசின் இரண்டு திட்டங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம். அப்போது அதில் மாதம் 5,000 ரூபாய், ஒரு வருஷம். தொடங்கும்போது அதை 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு, முழு நேரப் படிப்பிலோ வேலையிலோ இல்லாதவர்களுக்கு என்றுதான் வகுத்தார்கள். விண்ணப்பிக்கும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் பட்டதாரி அப்ரண்டிஸ் பயிற்சி. அது டிகிரி முடித்த பிறகு, பெரும்பாலும் ஒரு வருஷம், உதவித்தொகை உண்டு. படிப்பு முடிந்து வேலை அமையாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

சென்னை, பெங்களூரு போய்த் தங்க வசதி இல்லை. இங்கேயே கிடைக்குமா?

சென்னையை மட்டுமே நினைப்பதால்தான் இந்தக் கஷ்டம். திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் என்ற ஐ.டி. பூங்கா 1990இல் தொடங்கியது. நாகர்கோவில் வழியாக 150 கிலோமீட்டர்தான். சென்னை 600க்கும் மேல். மொழிகூட ஒரு வாரத்தில் காதுக்குப் பழகிவிடும். மதுரையும் ஏறக்குறைய அதே தூரம்தான். அங்கே தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் வளாகத்தில் எச்சிஎல் முதலான கம்பெனிகள் இருக்கின்றன. நம் கங்கைகொண்டானிலும் எல்காட் ஐ.டி. பூங்கா உண்டு. மகேந்திரகிரியில் இருக்கும் இஸ்ரோ வளாகத்தை நம் பிள்ளைகள் ராக்கெட் எஞ்சின் சோதனைக்கு மட்டுமே என்று நினைக்கிறார்கள். இஸ்ரோவுக்கு மாணவர் இன்டர்ன்ஷிப் திட்டம் இருக்கிறது; கல்லூரி மூலமாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் மாடியில் போர்டு மாட்டி, ஏழெட்டுப் பேரோடு நடக்கும் சின்ன மென்பொருள் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மென்பொருள் செய்பவர்கள் இவர்கள். நேரில் போய் நின்று கேட்டால் ஒருவராவது "சரி, திங்கள்கிழமை வா" என்பார்.

எங்கே கேட்டும் கிடைக்கவில்லை. இனி என்ன செய்வது?

முதலில், இது உங்கள் குறை இல்லை. எல்லா ஊரிலும் கேட்கிற பிள்ளைகள் அதிகம், இடம் குறைவு.

உங்களைச் சுற்றி யாருக்குக் கணக்குவழக்கில் தலைவலி என்று பாருங்கள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்த ஒரு பி.சி.ஏ. பிள்ளை தன் மாமாவின் அப்பளக் கடைக்கு ஒரு சின்ன ஸ்டாக் ப்ரோகிராம் எழுதினாள். தினமும் எத்தனை கட்டு போட்டார்கள், எத்தனை விற்றது, ஒரு கிலோ உளுந்துக்கு எத்தனை கட்டு வந்தது, அவ்வளவுதான். கோடை முழுக்க நன்றாக ஓடியது. ஐப்பசியில் அடைமழை பிடித்தது. வெயில் இல்லாவிட்டால் அப்பளம் காயாது, வேலையே நடக்காது. அன்றைக்கு உளுந்துக் கணக்கு பூஜ்யம். ப்ரோகிராம் பூஜ்யத்தால் வகுக்கப் போய் நின்றுவிட்டது. மாமா போன் பண்ணி, "உன் கம்ப்யூட்டருக்கும் மழை ஆகாதா தாயி?" என்றாராம். அவள் அதைச் சரிசெய்ததோடு நிற்காமல், மழைநாளை "வேலை இல்லை" என்று தனியாகக் குறிக்க ஒரு பட்டனும் வைத்தாள். பிறகு ஒரு இன்டர்வியூவில் 20 நிமிஷம் இதைப் பற்றியே கேட்டார்கள். வேலையும் கிடைத்தது. அவள் ரெஸ்யூமேயில் இன்டர்ன்ஷிப் என்று ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு வழி திறந்த மூல மென்பொருள், அதாவது யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து படித்துத் திருத்தம் அனுப்பக்கூடிய மென்பொருள். அதில் பங்களிக்கப் புதியவர்களைச் சேர்த்துவிடும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு திட்டம் 2005 முதல் நடக்கிறது. 18 வயது ஆனவர்கள் வீட்டிலிருந்தே செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். ஆனால் அதற்கு நாலைந்து மாதம் முன்பே ஒரு திட்டத்துக்குள் நுழைந்து சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்தவர்களுக்குத்தான் இடம் கிடைக்கும். அது கிடைக்காவிட்டாலும் நீங்கள் அனுப்பிய திருத்தங்கள், ப்ரோகிராம்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் உங்கள் பெயரோடு இருக்கும். தமிழிலேயே தொடங்க வேண்டுமென்றால் கணியம் தளத்தைப் பாருங்கள். லினக்ஸ், பைதான், டேட்டாபேஸ் எல்லாம் தமிழில் எழுதியிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வாங்காதீர்கள். படித்த நாலு வருஷத்தில் உங்கள் கையால் எதையாவது முழுசாகச் செய்து பார்க்கக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அது. அதையும் விற்றுவிட்டால் என்ன மிஞ்சும்?

பெண் பிள்ளையைத் தனியாக வெளியூர் அனுப்ப பயமாக இருக்கிறது. (ஒரு அம்மா கேட்டது)

பயம் நியாயமானதுதான் அம்மா. அதற்காக வாய்ப்பை விட வேண்டாம். முதல் முறை நீங்களும் கூடப் போய் அலுவலகத்தையும் விடுதியையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒழுங்கான கம்பெனி இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாது. தங்குவதற்கு, பல ஊர்களில் தமிழக அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. இடம் இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வேலையிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கும் பொருந்தும், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அந்தக் குழுவில் யார் யார் என்று சேர்ந்த அன்றே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டு அரியர் இருக்கிறது. முதலில் எதைப் பார்க்க?

அரியரை. பெரிய கம்பெனிகள் பல, அரியர் இருந்தால் தேர்வுக்கே விடாது. விடுமுறையில் காலையில் அரியர் பாடம், மாலையில் ஒரு சின்ன ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுபோதும்.

எந்த வருஷம் போவது நல்லது?

இரண்டாம் வருஷ விடுமுறையில் பக்கத்து ஊரில் ஒரு மாதம், மூன்றாம் வருஷ விடுமுறையில் கொஞ்சம் பெரிய இடம். முதல் வருஷம் வேண்டாம்; லூப் எழுத கை பழகட்டும். செமஸ்டர் நடுவே போவதென்றால் ஹெச்ஓடியிடம் எழுத்தில் அனுமதியும், ஓடி (ஆன் டியூட்டி வருகைப் பதிவு) உண்டா இல்லையா என்பதும் வாங்கிய பிறகே போங்கள். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பரீட்சை எழுதுவதே சிக்கலாகிவிடும்.

இப்போது ஏஐதான் ப்ரோகிராம் எழுதுகிறதே. இன்டர்ன்களை யார் எடுப்பார்கள்?

முன்பு இன்டர்ன்களுக்குக் கொடுத்த எளிய வேலைகள் பலவற்றை ஏஐ செய்துவிடுகிறது என்பது உண்மை. அதனால் எனக்கும் உங்களைப் பற்றிக் கவலை உண்டு. ஆனால் அது எழுதிக் கொடுத்ததைப் படித்து, இது சரி, இது தப்பு என்று சொல்ல ஆள் வேண்டும். மழைநாளில் அப்பளம் காயாது என்று கல்லிடைக்குறிச்சிக்காரிக்குத் தெரியும். கேட்காதவரை ஏஐ அதைச் சொல்லாது. வீட்டுப்பாடத்துக்குச் சாட்ஜிபிடி எழுதியதை அப்படியே ஒட்டாமல், ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். இன்டர்வியூவில் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள்.

எனக்கு இங்கிலீஷ் பேச வராது. எப்படிப் போய்க் கேட்பேன்?

தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு இதைக் கேட்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகிறது. நானும் தமிழ் மீடியம்தான். மெயில் எழுதுங்கள், அதில் யோசிக்க நேரம் கிடைக்கும். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர்" என்று தொடங்காதீர்கள், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான்கு வரி போதும்: உங்கள் பெயர், வருஷம், கல்லூரி, அவர்கள் செய்யும் மென்பொருளில் நீங்கள் பயன்படுத்திப் பார்த்த ஒன்று, நீங்கள் எழுதிய ஒரு ப்ரோகிராமின் கிட்ஹப் முகவரி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும். பத்து இடத்துக்கு அனுப்பி ஒன்றிலிருந்து பதில் வந்தாலே நல்லது.

போன பிறகு, புரியாததைத் தமிழில் கேளுங்கள். மதுரையிலும் சென்னையிலும் தென்காசியிலும் பக்கத்து நாற்காலிக்காரர் தமிழில்தான் பதில் சொல்வார். திருவனந்தபுரத்தில்கூடப் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, கூட்டத்தில் காதில் விழும் தெரியாத வார்த்தைகளை எல்லாம் குறித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். என்னுடைய அந்த நோட்டு இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் "டெப்ளாய்" என்று தமிழில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். வருகிற பிள்ளைகள் கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.